ஓமந்தூர் ரெட்டியாரின் தர்மகர்த்தா அரசியல்

பொதுவாழ்வில் இறங்கிய ஒருவரிடம் ஜனங்கள் கேட்கத் தக்க கேள்வி ஒன்று உண்டு. உமது அரசியல் கொள்கை யாது, சமூகக் கொள்கை யாது, பொருளாதாரக் கொள்கை யாது என்பதே அது. இக்கேள்விக்கு மேடையேறி விடை சொல்லுகிறவர்கள் பலர். நூல் எழுதி விடை சொல்லுகிறவர்கள் சிலர். அதிகாரம் கைக்கு வந்தபின், தாம் இயற்றிய சட்டங்களாலும் தாம் மறுத்த சலுகைகளாலும் விடை சொல்லுகிறவர்களோ மிகச் சிலர். அந்த மிகச் சிலரில் ஒருவர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார்.

1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை, அதாவது இரண்டு ஆண்டுகளும் இரண்டு வாரங்களும், அவர் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். 1935-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி அக்காலத்தில் மாகாணத் தலைமை மந்திரிக்குப் பிரதமர் என்றே பெயர். தேசம் விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15 அன்று இம்மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு அவர் கையில்தான் இருந்தது. கொள்கை விளக்க நூல்களால் புகழ் பெற்றவர் அல்லர் அவர். ஆயினும் அந்த இரண்டாண்டுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், அவருடைய கொள்கை முழுவதும் அதில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

அக்கொள்கையை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம். நிலமாயினும், கோயிலாயினும், சர்க்கார் பதவியாயினும், பொதுவுக்கு உரியது எதையும் கையில் வைத்திருப்பவன் அதன் தர்மகர்த்தாவேயன்றி உடைமைக்காரன் அல்லன் என்பதே அது. அவருடைய அரசியலும் சமூக நோக்கும் பொருளாதார நோக்கும் தனித்தனி அல்ல. இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்த மூன்று கிளைகளே அவை.

புன்செய் நாட்டுக் குடியானவர்

ரெட்டியார் 1895 பிப்ரவரி 1 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஓமந்தூர் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. 1993-ல் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோது, திண்டிவனமும் விழுப்புரமும் ஒரு பாகமாகவும் கடலூரும் வடலூரும் மற்றொரு பாகமாகவும் அமைந்தன. அவருடைய வாழ்க்கை தொடங்கிய இடம் முதல் பாகத்தில் இருக்கிறது. முடிந்த இடம் இரண்டாவது பாகத்தில் இருக்கிறது.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தின் இயல்பை அறியாமல் இம்மனிதரின் இயல்பை அறிய இயலாது. காவிரி பாயும் தஞ்சையைப் போன்றதன்று இப்பூமி. வானம் பார்த்த புன்செய் மிகுந்த நாடு. ஏரியும் கிணறுமே இங்கு நீருக்கு ஆதாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் வேர்க்கடலையைப் பெருவாரியாகப் பயிரிட்டார்கள். அந்தக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் பிரான்சு தேசத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. விளைவித்தவன் திண்டிவனத்தில் இருந்தான். விலையை நிர்ணயித்தவன் கடலுக்கு அப்பால் இருந்தான். 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் வியாபார மந்தம் ஏற்பட்டு விளைபொருள்களின் விலை சரிந்தபோது, நிலவரி மட்டும் உடன் சரியவில்லை. பொருளாதாரம் என்னும் சாஸ்திரத்தை இவ்வட்டாரத்துக் குடியானவன் ஏட்டில் படிக்கவில்லை. தன் களத்துமேட்டில் படித்தான்.

ரெட்டியார் திண்டிவனத்தில் ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த வால்டர் ஸ்கட்டர் பள்ளியில் கற்றவர். கல்லூரிப் பட்டமோ வக்கீல் தொழிலோ அவருக்கு இல்லை. வக்கீல்களும் பட்டதாரிகளும் நிறைந்திருந்த அக்காலக் காங்கிரஸில், இந்தப் புன்செய் நாட்டுக் குடியானவர் நாணயத்தையும் உழைப்பையுமே முதலாகக் கொண்டு மேலே வந்தார். சட்டமறுப்புப் போராட்டக் காலத்தில் சிறை புகுந்தார். தென்னார்க்காட்டில் காங்கிரஸைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றவர்களில் முன்னணியில் நின்றார். 1940-ல் காமராஜர் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே, தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமைப் பொறுப்பை அவர் வகித்திருந்தார்.

அவரை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் காந்தியடிகள். மற்றொருவர், அதே தென்னார்க்காட்டு மண்ணில் 1867-ல் வடலூரில் தருமச்சாலையை நிறுவிப் பசித்தவர்க்குச் சோறிட்ட இராமலிங்க வள்ளலார். சாதியும் சமயச் சண்டையும் வேண்டாம், பசிப்பிணி தீர்ப்பதே வழிபாடு என்ற வள்ளலாரின் நெறி ரெட்டியாரின் உள்ளத்தில் ஊறியிருந்தது. திருவண்ணாமலை ரமண மகரிஷியிடத்தும் அவருக்குப் பக்தி உண்டு. தமது சீர்திருத்தங்களை அவர் மேனாட்டு நூல்களிலிருந்து எடுக்கவில்லை. ஒரு பக்தனுடைய மனச்சாட்சியிலிருந்தே எடுத்தார். இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தவை விளங்கா.

பதவி வந்த விதம்

1946-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 163-ஐக் காங்கிரஸ் வென்றது. ஆனால் வென்ற கட்சிக்குள் ஒற்றுமை இல்லை. ராஜாஜி பக்கம் ஒரு பிரிவு, ஆந்திரத் தலைவர் பிரகாசம் பக்கம் ஒரு பிரிவு, காமராஜர் பக்கம் ஒரு பிரிவு என்று கட்சி பிளந்து நின்றது. 1946 ஏப்ரலில் பிரகாசம் மந்திரி சபை அமைத்தார். ஓராண்டு நிறைவதற்குள் கட்சியின் நம்பிக்கையை இழந்தார். அந்நிலையில் காமராஜரும் பிறரும் நாடிய ஆள் ஓமந்தூர் ரெட்டியார்.

கோஷ்டித் தலைவர் அல்லாத ஒருவரை நாடியபோது, கோஷ்டிகள் எதிர்பார்த்தது வேறு, கிடைத்தது வேறு. இவர் சாது, சொன்னபடி நடப்பார் என்று எண்ணியவர்களும் உண்டு. பதவியேற்ற சில மாதங்களிலேயே அவர்கள் ஏமாந்தார்கள்.

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு அன்று. தமிழ் ஜில்லாக்களோடு ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார், தென்கன்னடம் ஆகிய யாவும் அதில் அடங்கின. நான்கு மொழி பேசும் ஜனங்கள்; யுத்தம் விட்டுச்சென்ற உணவுப் பஞ்சமும் ரேஷன் முறையும்; வடக்கே ஹைதராபாத் சமஸ்தானத்தின் எல்லையில் குழப்பம். பழுத்த அனுபவசாலியும் தயங்கக்கூடிய சுமை அது.

நிலம் யாருக்கு?

அவருடைய பொருளாதாரக் கொள்கையை அறிய வேண்டுமானால், 1947-ஆம் ஆண்டு எஸ்டேட் நில வாரக் குறைப்புச் சட்டத்தையும் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

1802-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை ராஜதானியில் சாசுவத நிலவரித் திட்டத்தைச் சட்டமாக்கினார்கள். நிலத்தை உழாதவர்கள் அதன் அதிபதிகளாயினர். அவர்கள் சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய பேஷ்கஷ் என்றென்றும் மாறாதது. குடிகளிடம் அவர்கள் வசூலித்த வாரமோ ஏறிக்கொண்டே போவது. 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்குச் சிறிது காப்பு அளித்தது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. 1938-ல் பிரகாசத்தின் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டி குடிகளின் உரிமையை வலியுறுத்தியது. பின்னர் காங்கிரஸ் மந்திரி சபை விலகியது, யுத்தம் வந்தது, அறிக்கை அறிக்கையாகவே நின்றது.

ரெட்டியார் மந்திரி சபை இரண்டு படிகளில் இவ்விஷயத்தைக் கையாண்டது. முதற்படி, ஜமீன் நிலங்களின் வாரத்தை அண்டைப் பக்கத்து ரயத்துவாரி நிலங்களின் தீர்வை மட்டத்துக்குக் குறைத்தது. இரண்டாம் படி, ஜமீனையே ஒழித்து நிலத்தை ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. நஷ்ட ஈட்டு விகிதம் அமைந்த முறை கவனிக்கத் தக்கது. சட்டப்படி கணக்கிட்ட ஆண்டு அடிப்படைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத சிறிய எஸ்டேட்டுக்கு முப்பது மடங்கு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெரிய எஸ்டேட்டுக்குப் பன்னிரண்டரை மடங்கு. பெரியவனுக்குக் குறைந்த மடங்கு, சிறியவனுக்கு அதிக மடங்கு. பறிமுதலும் அன்று, பழைய உரிமைக்குப் பணிந்த விலையும் அன்று. நீ இதுவரை வகித்தது தர்மகர்த்தா ஸ்தானம். கணக்கைத் தீர்த்துக்கொண்டு விலகு என்று சொல்வது போன்ற ஏற்பாடு அது.

இச்சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரலின் சம்மதம் 1949 ஏப்ரல் 2 அன்று கிடைத்தது. நான்கு நாட்கள் கழித்து ரெட்டியார் பதவியிலிருந்து நீங்கினார். விதைத்தவர் அறுவடைக்கு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கலாகாது. ஜமீன் ஒழிப்பினால் பெரும் பயன் பெற்றவை ஆந்திர ஜில்லாக்களும் ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன் பிரதேசங்களுமே. ரெட்டியார் பிறந்த தென்னார்க்காடு பெரும்பாலும் ரயத்துவாரி ஜில்லா. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஜமீன்தார் இல்லாத கிராமத்திலும் நிலமில்லாத உழவன் இருந்தான். வாரத்துக்குப் பயிரிட்டவன் இருந்தான். பண்ணையில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்கள் இருந்தார்கள். இவர்களுக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் எதையும் தரவில்லை. சாகுபடிக் குத்தகைதாரரைப் பாதுகாக்கும் சட்டம் 1955-லும், நியாய வாரச் சட்டம் 1956-லும், நில உச்சவரம்புச் சட்டம் 1961-லும்தான் வந்தன. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் ராமசாமிப் படையாச்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களை வென்று, தென்னார்க்காட்டில் காங்கிரஸைத் திணற அடித்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு. ஜமீன்தாரைத் தர்மகர்த்தா என்று கண்டவர், ரயத்துவாரிப் பட்டாதாரையும் அப்படியே காணும் வரை அவருடைய சட்டம் நீளவில்லை.

கோயில் யாருக்கு?

சமூக விஷயத்தில் அவருடைய துணிவு இதைவிடப் பெரிது. ஏனெனில் ஜமீன்தாரை எதிர்ப்பதில் கட்சி முழுவதும் அவருடன் நின்றது. கோயில் விஷயத்திலோ, தம்மைப் போன்ற பக்தர்களையே அவர் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது.

1939-ல் மதுரையில் வைத்தியநாதய்யர் நடத்திய ஆலயப் பிரவேசத்தைத் தொடர்ந்து, ராஜாஜி மந்திரி சபை ஒரு சட்டம் செய்தது. கோயிலைத் திறக்க விரும்பும் தர்மகர்த்தாக்கள் திறக்கலாம் என்பதே அதன் சாரம். அதாவது, கதவின் சாவி தர்மகர்த்தாவின் கையிலேயே இருந்தது. 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் அச்சாவியை அவர் கையிலிருந்து எடுத்துவிட்டது. எந்தச் சாதியைச் சேர்ந்த ஹிந்துவுக்கும் பொதுக் கோயிலில் நுழைந்து வழிபட உரிமை உண்டு, எந்த வழக்கமும் சம்பிரதாயமும் அதற்குக் குறுக்கே நில்லா, தடுப்பவன் தண்டனைக்கு உரியவன் என்று அச்சட்டம் விதித்தது. முன்னது அனுமதி, பின்னது உரிமை. இந்த வேறுபாடு சிறிதன்று. தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டம் 1950-ல் பிரகடனம் செய்வதற்கு முன்பே, இம்மாகாணத்தில் கோயில் கதவு சட்டப்படி திறந்துவிட்டது.

அதே 1947-ல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் முழங்கியும், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊரூராகப் பிரசாரம் செய்தும் வளர்த்த இயக்கம் அது. பெண்ணைக் கடவுளின் பெயரால் பொட்டுக்கட்டி விடுவது குற்றம் என்று சட்டம் சொல்லுவதற்கு, முத்துலட்சுமி அம்மையார் மசோதா கொண்டுவந்த 1930-லிருந்து பதினேழு ஆண்டுகள் ஆயின. அம்மசோதாவுக்குத் தடையாக நின்றது மதத்தின் பெயர். அத்தடையை நீக்கியவர் மதப்பற்று நிறைந்த ஒருவர் என்பது கவனிக்கத் தக்கது.

கோயில், மடங்களின் வருமானத்தையும் நிர்வாகத்தையும் சர்க்கார் மேற்பார்வைக்குக் கொண்டுவரும் மசோதா அவருடைய ஆட்சிக் காலத்தில் உருவெடுத்தது. மடாதிபதிகளும் அவர்களைச் சார்ந்தோரும் கடுமையாக எதிர்த்தார்கள். இறுதியில் அது 1951-ல், வேறொரு மந்திரி சபையின் காலத்தில் சட்டமாயிற்று. 1954-ல் சுப்ரீம் கோர்ட்டு அதன் சில பிரிவுகளைச் செல்லாதவை என்றது. ஆனாலும், கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்ற தத்துவம் நிலைத்துவிட்டது. தர்மகர்த்தா என்னும் சொல்லே கோயிலுக்கு உரியது அன்றோ? அந்தச் சொல்லின் பொருளை அதன் சொந்த இடத்திலேயே அவர் வற்புறுத்தினார்.

உத்தியோகம் யாருக்கு?

சர்க்கார் உத்தியோகத்தையும் அவர் இதே கண்ணால் பார்த்தார். 1920-களின் இறுதியில் அமலான வகுப்புவாரி உத்தரவின்படி, பன்னிரண்டு ஸ்தானங்களில் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு ஐந்து, பிராமணர், முஸ்லிம்கள், கிறிஸ்தவரும் ஆங்கிலோ இந்தியரும் ஆகியோருக்கு இரண்டிரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று என்று பங்கீடு இருந்தது. பிராமணரல்லாதார் என்ற ஒரே பெயரின் கீழ், முன்னேறிய வகுப்பினரும் மிகப் பின்தங்கிய வகுப்பினரும் ஒன்றாக எண்ணப்பட்டார்கள்.

1947 நவம்பரில் ரெட்டியார் மந்திரி சபை இதைத் திருத்தியது. பதினான்கு ஸ்தானங்களில் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு ஆறு, பின்தங்கிய ஹிந்துக்களுக்கு இரண்டு, பிராமணருக்கு இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு இரண்டு, கிறிஸ்தவரும் ஆங்கிலோ இந்தியரும் சேர்ந்து ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. பின்தங்கிய வகுப்பினருக்கு முதன்முறையாகத் தனிப் பங்கு கிடைத்தது. தாழ்த்தப்பட்டோரின் பங்கு பன்னிரண்டில் ஒன்று என்பதிலிருந்து ஏழில் ஒன்று ஆயிற்று. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெருந்தொகையாக வாழ்ந்த உழைக்கும் வகுப்பினருக்கு இதன் பொருள் என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இதற்காக அவர் பெற்ற ஏசல் கொஞ்சமன்று. தாடியில்லாத ராமசாமி என்று அவரைச் சொன்னார்கள். தாடியுள்ள ராமசாமி யார் என்பது தமிழர் யாவருக்கும் தெரியும். கடவுளை மறுத்த ஈரோட்டாரும் கடவுளை உருகி வழிபட்ட ஓமந்தூராரும் ஒரே பெயரை மட்டுமல்ல, இவ்விஷயத்தில் ஒரே முடிவையும் உடையவர்களாயினர். 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி உத்தரவைச் செல்லாது என்று தீர்த்தது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக, அதே ஆண்டில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இட ஒதுக்கீட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1947 நவம்பரைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.

மதுவும் மொழியும்

காந்தியடிகளின் பிறந்தநாளான 1948 அக்டோபர் 2 அன்று மதுவிலக்கு மாகாணம் முழுவதும் அமலுக்கு வந்தது. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கி, யுத்தக் காலத்தில் கைவிடப்பட்ட காரியம் அது. கள்ளுச் சாராய வருமானம் சர்க்கார் கஜானாவின் தூண்களில் ஒன்று. பஞ்ச காலத்தில் அத்தூணை நீக்குவது விவேகமா என்று கேட்டவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். ஏழையின் குடியிலிருந்து வரும் பணத்தைக் கொண்டு ஏழைக்குத் தர்மம் செய்வது முறையன்று என்பது அதற்கு எதிரான நியாயம். மந்திரி சபை அந்நியாயத்தின் பக்கம் நின்றது. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. மதுவிலக்குக்குப் பின் கள்ளச் சாராயமும் வளரும் என்று எச்சரித்தவர்களின் வாதத்தைக் காலம் பொய்யாக்கவில்லை. ஆயினும் சர்க்காரின் வருமானம் எதிலிருந்து வரலாகாது என்ற கேள்வி இன்னும் விடை பெறவில்லை.

தமிழுக்கு அவர் காலத்தில் நேர்ந்த நன்மைகளும் சில. 1946-ல் கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், கலைக்களஞ்சியப் பணியை அக்காலத்தில் ஊன்றி வளர்த்தது. 1949-ல் மகாகவி பாரதியின் நூல்களுக்கான உரிமையைச் சர்க்கார் வாங்கிக்கொண்டது. ஒரு கவியின் பாடல்கள் தனி மனிதரின் சொத்தாக இருத்தல் தகாது என்ற எண்ணம் அங்கும் வேலை செய்தது. 1955-ல் அவ்வுரிமை பொதுமக்களுக்கே உரியதாக்கப்பட்டது.

உறுதியின் மறுபக்கம்

பெரியவர்களின் சரித்திரத்தை எழுதும்போது தூபம் போடுவது எளிது. அதனால் வாசகனுக்குப் பயன் இல்லை. ரெட்டியாரின் ஆட்சியில் இருண்ட பக்கமும் உண்டு.

1948-ல் அவருடைய சர்க்கார் பள்ளிகளில் ஹிந்தியைப் புகுத்த முற்பட்டது. 1938-ல் இதே முயற்சி என்ன விளைவைத் தந்தது என்பது தெரிந்திருந்தும் இது நடந்தது. பெரியார் மறுபடியும் கிளர்ச்சி தொடங்கினார். அவ்வாண்டு மார்ச்சிலேயே திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டிருந்தது. கறுப்புக் கொடி காட்ட முனைந்தவர்கள் கைதானார்கள். பின்னர் ஹிந்திக் கட்டாயம் கைவிடப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டு மக்களில் ஒரு சாராருக்கும் காங்கிரஸுக்கும் இடையே விழுந்த பிளவு ஆழமாயிற்று.

கம்யூனிஸ்டுகள் விஷயத்தில் கை இன்னும் கடுமையாக இருந்தது. முந்தைய மந்திரி சபையின் இறுதி நாட்களில் வந்த 1947-ஆம் ஆண்டுப் பொது அமைதிச் சட்டம், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்குத் தந்தது. ரெட்டியார் மந்திரி சபை அந்த அதிகாரத்தைத் தாராளமாக உபயோகித்தது. மலபார்த் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்தார். 1950-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த அவருடைய வழக்கு, தனிமனிதச் சுதந்திரத்தைப் பற்றிய முதல் பெரிய வழக்காக நம் சட்ட வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. வெள்ளையர் ஆட்சியில் சிறை சென்ற தலைவர்கள், தாம் ஆட்சிக்கு வந்ததும் விசாரணையில்லாச் சிறையைக் கையாண்டது வருந்தத் தக்கது. தெலுங்கானாவில் ஆயுதக் கிளர்ச்சி நடந்தது, நாடு பிரிவினைக் கலவரத்தில் தத்தளித்தது என்பவை காரணங்களே, சமாதானங்கள் அல்ல.

இதற்கு மூலம் எது? தர்மகர்த்தா என்ற எண்ணத்திலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சொத்து எனதன்று, நான் பிறருக்காகக் காப்பவன் என்று உணர்கிறவன், காக்கப்படுகிறவர்களுக்கு எது நன்மை என்பதையும் தானே அறிவதாக எண்ணத் தலைப்படுகிறான். தன்னலம் இல்லாதவனுக்குத் தன்மீது சந்தேகம் வருவது அரிது. ஓமந்தூராருடைய நேர்மை அவரைப் பல பிழைகளிலிருந்து காத்தது. இந்தப் பிழையிலிருந்து காக்கவில்லை.

பதவியும் ஒரு பொறுப்பே

ஆயினும், அந்தக் கொள்கையைத் தமக்கு மட்டும் விலக்காக அவர் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய வீழ்ச்சிக்குக் காரணமே அதுதான்.

விடுதலை வந்ததும், தியாகம் செய்தவர்களில் சிலருக்குத் தியாகத்தின் வட்டி கேட்கும் மனம் வந்தது. பஸ் பர்மிட், சர்க்கார் கான்ட்ராக்டு, உத்தியோக மாற்றம், உறவினருக்கு வேலை என்று சிபாரிசுகள் கோட்டைக்கு வந்து குவிந்தன. சட்டசபை அங்கத்தினர் நிர்வாகத்தில் தலையிடலாகாது என்பதில் ரெட்டியார் பிடிவாதமாக இருந்தார். கட்சியில் தமக்கு ஓட்டளித்தவர் கேட்டாலும் விடை ஒன்றே. அதிகாரிகள் இதை வரவேற்றார்கள். கட்சிக்காரர்கள் மனம் புழுங்கினார்கள். 1948-ல் கட்சித் தலைமைக்கு எழுந்த போட்டியில் அவர் வென்றார். அதன் பின் எதிர்ப்பு அடங்கவில்லை, பெருகியது. அவரைக் கொண்டுவந்தவர்களே வேறு தலைவரைத் தேடினார்கள். 1949 ஏப்ரலில் ராஜபாளையம் குமாரசாமி ராஜா முதல் மந்திரியானார்.

பதவி போன ஒருவர் என்ன செய்வது வழக்கம்? தனிக் கோஷ்டி அமைப்பார், கட்சி மாறுவார், அல்லது டெல்லிக்கு நடப்பார். ரெட்டியார் வடலூருக்குச் சென்றார். வள்ளலார் 1872-ல் சத்திய ஞான சபையை எழுப்பிய அவ்வூரில், சுத்த சன்மார்க்கப் பணியில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். பள்ளிக்கூடங்களை வளர்ப்பதும் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இடம் அளிப்பதும் அவருடைய காரியங்களாயின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்விதம் கழிந்தன. 1970 ஆகஸ்டு 25 அன்று காலமானார். மாகாணத்தை ஆண்டது இரண்டு ஆண்டு. அதன் பின் தொண்டு செய்தது பத்து மடங்கு காலம்.

நமக்குள்ள பாடம்

சென்னை மவுண்ட் ரோடில் சர்க்கார் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே சட்டசபைக்காக எழும்பிய கட்டடம் 2014 முதல் ஆஸ்பத்திரியாக நடக்கிறது. சட்டசபை இருந்தால் அவருக்குப் பெருமையா, ஆஸ்பத்திரி இருந்தால் பெருமையா என்று கேட்டால், வடலூருக்குப் போனவருடைய விடை எதுவாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆனால் கட்டடத்துக்குப் பெயரிடுவதோடு கடமை தீர்ந்ததென்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பொதுநலத் தொண்டர்கள் இருந்துவிடலாகாது. ஓமந்தூரார் முடிக்காமல் விட்ட காரியங்கள் இவ்வட்டாரத்திலேயே இருக்கின்றன. எல்லாக் கோயில் கதவுகளும் சட்டத்தில் திறந்திருக்கின்றன. எல்லா ஊரிலும் திறந்திருக்கவில்லை. 2023-ல் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி கிராமத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் திரௌபதி அம்மன் கோயிலில் நுழைவதைப் பற்றிய தகராறில் அதிகாரிகள் கோயிலுக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைக்க நேர்ந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து எழுபத்தாறு ஆண்டுகள் ஆனபின், அச்சட்டத்தைச் செய்தவர் பிறந்த மண்ணிலேயே இது நடந்தது. இதைவிட நாணத் தக்கது எது?

தமது கொள்கையை விளக்க விரும்பும் ஒவ்வொரு தொண்டரும் ஓமந்தூராரின் முறையில் தம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். என் கையில் உள்ள பொதுப் பொருள் யாது? அதற்கு நான் யாரிடம் கணக்குச் சொல்லுகிறேன்? என் கட்சிக்காரன் வந்து சலுகை கேட்டால் என் விடை என்ன? இவற்றோடு, ரெட்டியார் கேட்கத் தவறிய ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வது நலம்: என்னை எதிர்க்கிறவன் சொல்வதில் உண்மை இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தேனா?

முதல் மூன்று கேள்விகளுக்கு அவருடைய வாழ்வே நமக்கு வழிகாட்டி. நான்காவதற்கு அவருடைய தவறே எச்சரிக்கை. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்வதே, திண்டிவனத்துக் குடியானவரான அந்த முதல் மந்திரிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.